அழுகுணி ஆட்டம்

"இன்னும் கொஞ்சம் மெதுவா ஓட வையேன்" என்றார் சித்தப்பா.

எத்தனையாவது தடவை என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன். எரிச்சலாக வந்தது.

புதுக் கம்ப்யூட்டரில் பழைய முட்டை கேம் ஓடமாட்டேன் என்கிறது, வந்து பார் என்று காலையிலேயே போன். ஸ்கூல் முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறவள் என்றால் எல்லோருக்கும் இளக்காரம்தான். போனேன்.

முட்டை கேம் ஒன்றும் பெரிய கம்பசூத்திரம் இல்லை. மேலே வரிசையாகக் கோழிகள். அவை போடுகிற முட்டையைக் கீழே கூடையை நகர்த்திப் பிடிக்க வேண்டும். இரண்டு பேர், இரண்டு கூடை, ஒரே கீபோர்டு. சித்திக்கும் சித்தப்பாவுக்கும் கல்யாணமான புதிதில் வாங்கியது. தோற்றவர் அன்றைக்குப் பாத்திரம் தேய்க்க வேண்டும். சித்தி தேய்த்து நான் பார்த்ததே இல்லை.

புது சிஸ்டம் அந்தக் கேமை மதிக்கவே இல்லை. கிளிக் செய்தால் கறுப்பாக ஒரு கட்டம் வரும், வந்த வேகத்திலேயே போய்விடும். பழைய கம்ப்யூட்டர் மாதிரி நடிக்கிற இலவச சாஃப்ட்வேர் ஒன்று இருக்கிறது. அதை இறக்கி, கேமை அதற்குள் போட்டேன். ஓடியது. ஓடியதா, பறந்தது. பழைய கேமுக்கு நிதானம் தெரியாது. கம்ப்யூட்டர் என்ன வேகமோ அதே வேகம். முட்டை மழையாகக் கொட்டியது.

அந்த சாஃப்ட்வேரிலேயே வேகத்தைக் குறைக்க வழி உண்டு. குறைத்தேன். பழைய கம்ப்யூட்டரில் எப்படி ஓடுமோ அப்படி வந்ததும் நிறுத்தினேன். அங்கேதான் சித்தப்பா ஆரம்பித்தார். இன்னும் மெதுவா, இன்னும் மெதுவா.

கடைசியில் ஒரு முட்டை கீழே வந்து சேர்வதற்குள் ஒரு குட்டித் தூக்கம் போடலாம் போலிருந்தது.

"பழசுல இப்படி இல்லையே. இது அழுகுணி ஆட்டம் சித்தப்பா."

"சித்திகிட்ட மட்டும் சொல்லிடாதே" என்றார், வாசல் பக்கம் பார்த்துக்கொண்டே.

காய்ந்த துணிகளை இடது தோளில் போட்டுக்கொண்டு சித்தி மாடியிலிருந்து இறங்கி வந்தார். எனக்கு வாய் சும்மா இருக்காது. உங்களை ஒரு தடவையாவது ஜெயிக்கணும்னு வேகத்தைப் பாதியாக்கச் சொன்னார் என்று போட்டு உடைத்துவிட்டேன்.

சித்தப்பா மறுக்கவே இல்லை. அசட்டுச் சிரிப்பு சிரித்தார். கண் முன்ன மாதிரி இல்லை, வயசாகுது இல்லையா என்று என்னவோ முணுமுணுத்தார்.

"அதானே பார்த்தேன். மனுஷன் காலையிலேருந்து கம்ப்யூட்டரைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்காரேன்னு" என்றார் சித்தி. துணியைக் கட்டிலில் போட்டுவிட்டு ஒரு நாற்காலியை இழுத்தார். "தள்ளி உக்காருங்க ஏமாத்துக்காரரே. எவ்வளவு மெதுவா வேணா வச்சுக்குங்க. வாங்க, பார்த்துடலாம்."

மூன்று ஆட்டம். மூன்றிலும் சித்திதான். தன் கூடைக்கு நேராக, அன்னநடை போட்டு வந்த முட்டையைக்கூட சித்தப்பா கோட்டை விட்டார். சித்தி விழுந்து விழுந்து சிரித்தார். ஏமாத்தியும் ஜெயிக்கத் துப்பில்லாத ஆளை நீ எங்கேயாவது பார்த்திருக்கியா அக்கா என்று என் அம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டுக்கொண்டே சமையலறைக்குப் போனார்.

எனக்குத்தான் ஆறவில்லை. இத்தனை மெதுவில் நான் காலாலேயே ஆடி ஜெயித்திருப்பேன்.

"வேகத்தைப் பழையபடியே வச்சுடறேன் சித்தப்பா. எப்படியும் தோக்கப் போறீங்க. அதை ஒழுங்கா தோத்துட்டுப் போங்களேன்."

மவுஸை எடுக்கப் போனேன். அதன்மேல் கையை வைத்துத் தடுத்தார்.

"வேண்டாம்மா. உன் சித்தி படியில விழுந்து வலது கையில கட்டுப் போட்டா இல்ல? பிரிச்சு ரெண்டு மாசமாச்சு. இன்னும் ரெண்டு விரல் சரியா மடங்கலை."

"சரியாயிடுச்சுன்னு அம்மா சொன்னாங்களே."

"உங்கம்மாகிட்ட அப்படித்தான் சொல்லி வச்சிருக்கா. அசைச்சுப் பழகினா கண்டிப்பா வந்துடும்னு டாக்டர் சொல்றார். இவ, இனிமே அவ்வளவுதான்னு கையை மடியில வச்சுக்கிட்டு உக்காந்துட்டா. விரலை அசைன்னு நான் சொன்னா அழறா."

சமையலறையில் சித்தி இன்னும் போனில் சிரித்துக்கொண்டிருந்தார். சித்தப்பா குரலை இன்னும் இறக்கினார்.

"வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமா வேகத்தைக் கூட்டணும். அது எப்படின்னு மட்டும் சொல்லிக் குடு. பழைய வேகம் வர்ற வரைக்கும் நான் ஏமாத்துக்காரனாவே இருந்துட்டுப் போறேன்."