அரை நாள் வேலை

“இந்த மெஷினை எடுத்துக்குங்க சார். சருகையெல்லாம் ஒரே ஊதா ஊதித் தள்ளிடும். தோட்டம் கால் மணி நேரத்துல சுத்தம்,” என்றார் கடைக்காரர்.

“வேற?”

“நீளப் பிடி போட்ட சருகு வாரி இருக்கு. ஒரு மணி நேரம் ஆகும்.”

வாங்க வந்தவர் மூலையில் கிடந்த கட்டை விளக்குமாற்றைக் கையில் எடுத்தார். “இதுல கூட்டினா?”

“அரை நாள் ஆயிடும். இடுப்பு கழண்டுடும் சார்!”

“இதையே குடுங்க.”

சரியான கஞ்சன் என்று கடைக்காரர் முணுமுணுத்தது அவர் காதிலும் விழுந்தது. அவர் காசை எடுத்து நீட்டினார்.

விவாகரத்தான மனைவி கதவைப் பாதிதான் திறந்தாள். “தோட்டத்தோட நில்லுங்க. பேசினபடி, கூட்டி முடிச்சதும் கிளம்பிடணும்.”

“சரி.”

ஏழு வயது மகள் ஓடிவந்து மரத்தடியில் உட்கார்ந்துகொண்டாள். விழுந்த பல், புது டீச்சர், சண்டை போட்ட தோழி என்று அவள் சொல்லச் சொல்ல, அவர் ஒவ்வொரு சருகாகக் கூட்டினார். எவ்வளவு இழுத்தடித்தும் மதியத்துக்குள் தரை பளிச்சென்று ஆகிவிட்டது.

“முடிஞ்சுதா?” உள்ளேயிருந்து குரல் வந்தது.

அவர் வாய் திறப்பதற்குள் மகள் எழுந்து, தாழ்ந்த கிளையை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினாள்.

“இன்னும் நிறைய இருக்கும்மா!”