பீட்டருக்குப் பரிசம்

"பொண்ணு பேரைச் சொல்லுய்யா! வெள்ளைக்காரன் எந்த வூட்டுப் பொண்ணுக்குப் பரிசம் போடறான்?"

ஏட்டு துரைக்கண்ணு போட்ட சத்தத்தில், ஜமுனாமரத்தூர் சந்தை டீக்கடையில் உட்கார்ந்திருந்த தீர்த்தகிரிக்கு வாயிலிருந்த போண்டா உள்ளே இறங்கவில்லை.

பீட்டர், சாமைப் பயிரை ஆராய ஜெர்மனியிலிருந்து வந்த மாணவன். வெளிநாட்டு மாணவன் எங்கே தங்குகிறான், என்ன செய்கிறான் என்று வாராவாரம் மேலே எழுத வேண்டும் என்பது 1979-இல் ஏட்டுக்கு வந்த உத்தரவு. அவன் தங்கிய மலையூர் சாமைக்காட்டூர் வரை நடந்து ஏற ஏட்டுக்கு மூச்சு வாங்கும். அதனால் பீட்டருக்கு இடம் கொடுத்த தீர்த்தகிரி சந்தைக்கு இறங்கும்போது, டீயும் போண்டாவும் வாங்கிக் கொடுத்து விசாரித்துக்கொள்வார்.

ஏர் ஓட்டினான், புளிய மரத்திலிருந்து விழுந்தான் என்று தீர்த்தகிரி சொல்லச் சொல்ல ஏட்டு எழுதுவார். போன சந்தைக்குச் சொல்ல ஒன்றும் கிடைக்காமல், "பீட்டரு பொண்ணு கேட்டுப் பரிசம் போடப் போறானுங்க" என்று சொல்லிவிட்டு இன்னொரு தட்டு போண்டா சாப்பிட்டிருந்தான்.

"படிக்க வந்தவன் கல்யாணம் கட்டினா சும்மா வுடுவாங்களா? அவனை நேர்ல பாக்க நாளைக்கு டி.எஸ்.பி. அய்யாவே வர்றாரு. பொய்த் தகவல்னா உன்னைத்தான் உள்ள தள்ளுவாரு."

"கல்யாணம் நின்னுபோச்சுங்க ஏட்டய்யா."

"ஏன்?"

"ஏர் ஓட்டத் தெரியாதவனுக்குப் பொண்ணு குடுக்க மாட்டோம்னுட்டாங்க."

"ஆடியில மேட்டுக்கொல்லை பூரா ஓட்டினான்னியே?"

"மாடுதாங்க ஓட்டுச்சு. அவன் பின்னாடி புடிச்சிக்கினு போனான்."

"அப்பிடிப் பாத்தா இந்த மலையில ஒருத்தனுக்கும் பொண்ணு கெடைக்காது" என்று சொல்லிவிட்டு, கடைக்காரி மாணிக்கம்மாள் தண்ணீர் எடுக்கப் போனாள்.

"சரி, கல்யாணம் வாணாம். மாப்பிள்ளையைக் காட்டு."

"தேனெடுக்கப் போயிருக்கானுங்க."

"எப்ப வருவான்?"

"அது தேனீக்குத்தாங்க தெரியும். காய்ச்சல் வேற அவனுக்கு."

"காய்ச்சலோடயா மரம் ஏறினான்?"

"ஏறினப்புறம்தாங்க வந்துது."

ஏட்டு லத்தியை எடுத்து பெஞ்சின்மேல் வைத்தார். அவ்வளவுதான், தீர்த்தகிரி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தடாலென்று காலில் விழுந்தான்.

"அய்யா, ஜெயில்ல போட்றாதீங்க! பீட்டரு தை மாசமே அவன் ஊருக்குப் போய்ட்டானுங்க. போண்டா ருசியில நான்தான் புளுகிட்டேன்!"

ஏட்டு அக்கம்பக்கம் பார்த்துவிட்டு அவன் காதருகே குனிந்தார்.

"எனக்குத் தெரியாதாய்யா? அவன் பெட்டியைத் தூக்கி பஸ் ஏத்திவுட்டதே நான்தான். போய்ட்டான்னு எழுதினா, மலையில இனி எனக்கு வேலையில்லைன்னு மறுநாளே என்னைக் கீழ கூப்ட்டு இன்ஸ்பெக்டரய்யா வூட்டு நாயைக் குளிப்பாட்ட வுட்டுருவாங்க. அதான் நீ சொன்னதையெல்லாம் எழுதினேன், கல்யாணத்தையும் சேத்து எழுதித் தொலைச்சிட்டேன். நாளைக்கு டி.எஸ்.பி. கேட்டா சொன்ன பொய்யிலயே நிப்பியான்னு ரிகர்சல் பாத்தா, இப்பிடிக் கால்ல வுழுந்து கெடுக்கறியே!"