மூன்றாம் நிலை

"மாமா, அந்த டையைக் கழட்டுங்க."

"ஏன்?"

"வீட்ல இருக்கிறவருக்கு எதுக்கு டை? நேத்துப் போட்டிருந்த பழைய ஸ்வெட்டரே போதும்."

எண்பத்தேழு வயது கென்சாகு கேட்பதாக இல்லை. கோட்டும் டையுமாக, தானே சவரம் செய்துகொண்ட முகத்தோடு, கணப்பு மேசைக்கு முன்னால் மாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

மருமகள் கயோகோ கடிகாரத்தைப் பார்த்தாள். இன்றைக்கென்று பார்த்து இந்த மனுஷருக்கு ஏன் இவ்வளவு தெளிவு?

முதியோர் பராமரிப்புக் காப்பீட்டுக்காக நகராட்சியிலிருந்து ஆள் வரப்போகிறது. மாமனாரைப் பார்த்துப் பேசி, அவருக்கு எவ்வளவு உதவி தேவை, எந்த நிலை என்று மதிப்பிடுவார்கள். மூன்றாம் நிலை என்று வந்தால் பராமரிப்பு இல்லத்தில் இடம் கேட்கலாம். செலவில் பெரும்பகுதியைக் காப்பீடே பார்த்துக்கொள்ளும். ஒன்று, இரண்டு என்று வந்துவிட்டால் வீட்டோடு வைத்துக்கொண்டு மல்லாட வேண்டியதுதான்.

மாமனார் நன்றாக இருந்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொள்கிற மருமகளை யார் மெச்சுவார்கள்? எதிர்வீட்டுக்காரி நேற்றே வாசல் பனியை வாரிக்கொண்டே கேட்டுவிட்டாள்.

"என்ன கயோகோ, பெரியவரைத் தள்ளிவிடப் போறியாமே?"

தள்ளிவிடுவதாம். போன வாரம் கொட்டுகிற பனியில், காலில் செருப்புகூட இல்லாமல் ரயில்வே கேட்டுக்குள் நின்றவரை இழுத்துக்கொண்டு வந்தவள் அந்த எதிர்வீட்டுக்காரியா, இவளா? கணவருக்கு வேலை தூரத்துச் செண்டாய் நகரத்தில். எப்போதாவது வந்து தலையைக் காட்டிவிட்டுப் போவார். இன்னொரு தடவை இவள் கண் அசந்தால், ரயில் பார்த்து நிற்குமா என்ன?

நகராட்சிப் பெண் ஒகுயாமா வந்து உட்கார்ந்தார். கயோகோ வைத்த டீயையும் முள்ளங்கி ஊறுகாயையும் தொடவில்லை. மதிப்பிட வருகிறவர்கள் எந்த வீட்டிலும் எதையும் தொடமாட்டார்கள்; அது விதி.

"ஐயா, உங்க பேரு சொல்லுங்க."

"குடோ கென்சாகு."

"வயசு?"

"எண்பத்தேழு. பார்த்தா சொல்ல முடியாது, இல்ல?"

ஒகுயாமா சிரித்துவிட்டார். "இப்ப என்ன காலம்னு சொல்ல முடியுமா?"

"ஜன்னலைப் பாரும்மா. இதைப் போய் வசந்தகாலம்னு சொன்னா என்னைப் பத்தி என்ன நினைப்பீங்க?"

நேற்று இவர்தான் வசந்தம் வந்து செர்ரி பூத்துவிட்டதா என்று கேட்டுக் கேட்டுக் கயோகோவின் உயிரை வாங்கினார்.

"ஒத்தைக் கால்ல கொஞ்சம் நிக்க முடியுமா?"

நின்றார். காலையில் கழிப்பறையிலிருந்து எழுந்திருக்க அவள் தோளைப் பிடித்துத் தொங்கியவர், மேசை விளிம்பைக்கூடத் தொடாமல் நின்றார்.

"குளிக்கிறது, துணி மாத்துறதெல்லாம்?"

"எல்லாம் நானேதான். இந்த வீட்ல எனக்கு ஒரு குறையும் இல்லை."

பொய். பச்சைப் பொய். ஆனால் படுக்கையை நனைக்கிறார் என்று அவர் முகத்துக்கு நேரே எந்த வாயால் சொல்வது? கயோகோ டீக்கோப்பையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வாசலில் ஒகுயாமா காலணி மாட்டும்போதுதான் எல்லாவற்றையும் கொட்டினாள். ரயில்வே கேட், ராத்திரி நடமாட்டம், நனைந்த படுக்கை.

"இந்த ஐயாவா?" என்றார் ஒகுயாமா.

"சத்தியமா இவர்தாங்க."

"நீங்க சொன்னதையும் கண்டிப்பா எழுதுறேன். ஆனா என் கண்ணால பார்த்ததை எழுதாம விட முடியாதே."

அவர் போன பிறகும் கயோகோ கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒன்றும் பிடிபடவில்லை. இத்தனை நாள் நடித்தாரா, இன்றைக்கு நடித்தாரா? அப்படியானால் பனியில் வெறுங்காலோடு போனதும் நடிப்பா? வேண்டுமென்றே யாராவது ரயிலுக்கு முன்னால் போய் நிற்பார்களா? ஒருவேளை தனக்குத்தான் மூளை கலங்கிவிட்டதோ என்றுகூட இருந்தது. குழப்பம் போன இடத்தில் கோபம் வந்தது.

விறுவிறுவென்று உள்ளே போனாள்.

"ஏன் இப்படிப் பண்ணீங்க? என்னைப் பொய்க்காரி ஆக்கிட்டீங்களே. இனிமே உங்களை ஒருத்தியா நான் எப்படிச் சமாளிப்பேன்?"

கென்சாகு சுவரில் சாய்ந்திருந்தார். இந்தக் குளிரிலும் நெற்றியெல்லாம் வேர்வை. விரல்கள் டை முடிச்சை அவிழ்க்கத் தெரியாமல் திணறிக்கொண்டிருந்தன.

"அந்த ஆபீஸ் அம்மா போயாச்சா?"

"போயாச்சு."

"அப்பாடா." நிமிர்ந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். "நீங்க யாரும்மா?"

கயோகோவின் கோபம் அப்படியே நின்றது. இந்தக் கண்ணை அவளுக்குத் தெரியும். இந்த நேரத்தில் நான்தான் கயோகோ என்று சொன்னால் மிரண்டு போவார்.

"சும்மா பார்த்துட்டுப் போக வந்தேன்" என்று பக்கத்தில் உட்கார்ந்து முடிச்சை அவிழ்த்துவிட்டாள்.

அவர் உள்பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"உங்ககிட்ட சொன்னா என்ன. எனக்கு ஒண்ணும் நினைவுல நிக்கிறதில்லைம்மா. விடிஞ்சதுலேருந்து பேரு, வயசு, காலம்னு சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கிட்டேன். எங்கே தப்பிடுமோன்னு உயிரே போச்சு."

"தப்பினாத்தான் என்ன?"

"என்ன இப்படிக் கேட்கிறீங்க? நான் உளறினா, மருமக என்னைச் சரியாக் கவனிக்கலைன்னு எழுதிட்டுப் போயிட மாட்டாங்களா? ராப்பகலா எனக்காகக் கஷ்டப்படுற பொண்ணும்மா அவ. அவளுக்குக் கெட்ட பேரு வரலாமா?"