நாற்பதைத் தாண்டாத வண்டி

"இன்னிக்கு சரியாகலைன்னா நாளைக்கே காயலான் கடைக்குப் போட்டுடு. அந்த ஆமையோட யார் மாரடிக்கிறது?" என்று அண்ணன் போனிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டான்.

அவன் கோபத்திலும் நியாயம் இருந்தது. காலையில் சிக்னலில் தங்கைக்கு உயிர் போய் உயிர் வந்திருந்தது. காலை எடுத்த பிறகும் ஆக்சிலேட்டர் மேலே எழும்பவில்லை. முன்னால் நின்ற லாரியைப் பார்த்து வண்டி உறுமிக்கொண்டு பாய்ந்தது. சாவியைத் திருகி அணைத்து, பிரேக் மேல் ஏறி நின்றதில் தப்பித்தாள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பா, "பிரேக் நல்லா இருக்கு" என்றதோடு சரி.

ஆமை என்று பேர் வைத்தது அண்ணன்தான். வண்டிக்கா, அப்பாவுக்கா என்று யாரும் கேட்டதில்லை. ஒரு காலத்தில் அப்பா நன்றாகத்தான் ஓட்டினார். திடீரென்று நாற்பதைத் தாண்டுவதில்லை என்று ஆகிவிட்டது. வயசானதும் பயம் வந்துவிட்டது என்பாள் அம்மா. மொபெட்காரர்கள்கூட ஹாரனடித்துவிட்டு முந்திப் போவார்கள். எந்தக் கல்யாணத்துக்குக் கிளம்பினாலும் சாப்பாட்டுக்குத்தான் போய்ச் சேர்ந்தார்கள். பின்சீட்டிலிருந்து அண்ணனும் அவளும் ஆமைப் பாட்டே கட்டிப் பாடியிருக்கிறார்கள். அப்பா கண்ணாடியில் பார்த்துச் சிரித்துக்கொள்வார்.

ஷெட்டில் மெக்கானிக் பானெட்டைத் திறந்து, ஃபில்டரைக் கழற்றி வைத்துவிட்டு, கார்புரேட்டர் பக்கத்து ஆக்சிலேட்டர் கம்பியை விரலால் இழுத்தார். அது பாதி தூரம் போய் ஒரு பித்தளைத் துண்டில் இடித்து நின்றது. விட்டால் திரும்பி வரவில்லை.

"இந்தத் துண்டோட ஸ்க்ரூ லூஸாகி சாஞ்சிருக்கு பாப்பா. கம்பி இதுல போய் சிக்குது. அவ்வளவுதான்."

நாற்பத்தெட்டு வயதில் அவளைப் பாப்பா என்று கூப்பிட இவர் ஒருத்தர்தான் மிச்சம்.

"இந்தத் துண்டு எதுக்கு இங்க?"

"அது... கம்பி பாதிக்கு மேல போகாம இருக்க."

"கம்பெனியில வெச்சதா?"

"இல்ல." மெக்கானிக் ஸ்பேனரைக் கீழே வைத்தார். "நான்தான் வெச்சேன்."

அவளுக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது.

"நீங்களா? எங்கப்பா உங்களைத் தவிர ஒருத்தர் கையில சாவி கொடுத்ததில்லண்ணே! ஊரே அவரைப் பார்த்து சிரிச்சுது. நாங்களும் சேர்ந்து சிரிச்சோம். தெரிஞ்சுக்கிட்டே சும்மா இருந்தீங்களா?"

மெக்கானிக் கைகளைத் துணியில் துடைத்தார். துடைத்த கையையே மறுபடி துடைத்தார். அவர் பார்வை, ஷெட் வாசலில் பழைய டயர் மேல் உட்கார்ந்திருந்த அப்பாவிடம் போனது.

"சார், கழட்டிரவா?"

"கழட்டிருப்பா. இனிமே அது எதுக்கு?"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அப்பா! உங்களுக்குத் தெரியுமா?"

"நான்தானே வைக்கச் சொன்னேன்."

"எதுக்கு?"

அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிட்டார். மெக்கானிக்தான் சொன்னார். "நீ அப்ப பதினொண்ணாவது படிச்சிட்டிருந்தே பாப்பா. ஒரு திங்கக்கிழமை, நான் ஷெட்டைத் திறக்கறதுக்கு முன்னாடியே சார் வந்து நின்னாரு."

திங்கட்கிழமை என்றதும் அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களைக் கட்டின புருஷனிடம்கூட அவள் சொன்னதில்லை. அப்பா சாப்பிட்டுவிட்டுக் குறட்டை விடுவார். கட்டிலுக்கு மேலே ஆணியில் தொங்கும் சாவியை மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுப்பாள். வாசல் சரிவில் வண்டி தானாக உருளும். தெருமுனை தாண்டி ஸ்டார்ட் செய்தால், ஆளில்லாத ஏரிக்கரை ரோடு முழுக்க அவளுடையது. எவ்வளவு சந்தோஷமாக இருந்தாள்! திரும்பும்போது மேடேறும் சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய்கூட எழுந்துவிடும். அப்பாவின் குறட்டை மட்டும் நிற்காது.

மூன்று வாரம் பறந்தாள். நாலாவது வாரம், எவ்வளவு மிதித்தும் நாற்பதுக்கு மேல் முள் நகரவில்லை. கிழட்டு வண்டி என்று ஸ்டியரிங்கைக் குத்திவிட்டு வந்தாள்.

"அப்பா... நீங்க அப்ப தூங்கிட்டிருந்தீங்களே" என்றாள். குரல் பதினாறு வயதுக்குப் போயிருந்தது.

"பொண்ணு வண்டியை எடுத்துக்கிட்டுப் போனா, கேட் சத்தம் மறுபடி கேக்கற வரைக்கும் எவனுக்கும்மா தூக்கம் வரும்?"

"கூப்பிட்டுத் திட்டியிருக்கலாமே!"

"வந்து சாவியை மாட்டறப்ப ஒரு கண்ணைத் திறந்து உன் மூஞ்சியைப் பார்ப்பேன். திட்ட மனசு வரல."

மெக்கானிக் பித்தளைத் துண்டைக் கழற்றிவிட்டு, கம்பிக்கு இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு இழுத்தார். முழுசாகப் போய், டக்கென்று திரும்பி வந்தது. காயலான் கடைக்காரருக்கு வேலையில்லை.

அவள் துண்டைக் கையில் வாங்கிக்கொண்டாள். கண்ணைத் துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

"சரி, கல்யாணமாகி நான் போனப்பறமாவது இதைக் கழட்டியிருக்கலாம் இல்ல? எதுக்கு இத்தனை வருஷம் ஆமைன்னு பேர் வாங்கினீங்க?"

அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவளைப் பார்த்தார்.

"எப்படிக் கழட்டறது? லீவுக்கு வர்றப்பல்லாம், நான் எப்ப தூங்குவேன்னு காத்துக்கிட்டிருப்பியே!"