கழுத்தில் தொடங்கும் வரிகள்

பெருமாள் கோயில் மடப்பள்ளியின் விறகுக் குவியலில், நஞ்சில்லாத வெள்ளிக்கோல் வரையன் பாம்பு ஒன்று வாழ்ந்துவந்தது. கட்டுவிரியனைப் போலவே அதன் உடலிலும் வெண்ணிற வரிகள் இருந்தன.

சுவரிலிருந்த பல்லி, "பாவி, என் தங்கைமார் இருவரை விழுங்கினாயே! உனக்கு எதற்கடா விரியன் வேஷம்?" என்றது.

"வேஷம் அன்று அக்கா, பிறவி. விரியனுக்குக் கழுத்தில் வரி இராது. எனக்குக் கழுத்திலேயே தொடங்கிவிடும். குனிந்து பார்ப்பவர்க்குத் தெரியும்."

"குனிகிறவர் யார்?" என்று பல்லி சிரித்தது.

அப்போது விறகெடுக்க வந்த பரிசாரகர் ஆராவமுதன், "ஐயோ, கட்டுவிரியன்!" என்று அலறித் தடியை ஓங்கினார். மூலையில் சிக்கிய பாம்பு சுருண்டு நடுங்கியது. "அக்கா, நீயாவது சொல்லேன்" என்று கெஞ்சியது.

பல்லியின் நெஞ்சு இளகிற்று. பகையை மறந்து, "கழுத்தைப் பாருங்கள்! அதற்கு நஞ்சில்லை!" என்று மும்முறை கத்தியது.

ஓங்கிய கை நின்றது. ஆராவமுதன் சுவரை அண்ணாந்து பார்த்தார். அவர் முகம் தெளிந்தது.

"கிழக்குச் சுவரில் பல்லி சொல்கிறது. பெருமாளே உத்தரவு கொடுத்துவிட்டார்" என்று விரலால் தரையைத் தட்டிக் கும்பிட்டார். பிறகு தடியைப் பாம்பின் கழுத்தில் இறக்கினார்.