வாலும் காதும்

காணாமல் போன பூனைக்காக ஜெசிந்தா முதல்முறையாக ஒரு வலைப்பக்கம் செய்தாள். அதில் பூனையின் படமும், படத்துக்கு வலப்பக்கம் அவளுடைய போன் நம்பரும் இருந்தன.

படம் மேகம்போல் அகன்று கிடந்தது.

"கொஞ்சம் சுருங்கேன். நான் திரைக்கு வெளியே எங்கோ மிதக்கிறேன்," என்றது நம்பர்.

"நான் சுருங்கினால் பூனையை யார் பார்ப்பார்கள்?" என்றது படம்.

மூன்று நாளாக யாரும் கூப்பிடவில்லை. போனில் பக்கத்தைத் திறந்தவர்கள் எல்லோரும் ஒரு வாலை மட்டும் பார்த்துவிட்டுப் போனார்கள்.

நான்காம் நாள் ஜெசிந்தா தன் போனிலேயே அதைத் திறந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். உடனே பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ்ஸில் இரண்டு வரி சேர்த்தாள். படம் திரைக்குள் அடங்க வேண்டும், நம்பர் அதன் கீழே வர வேண்டும்.

படம் தூக்கத்தில் மூச்சு விடுவதுபோல் மெல்லச் சுருங்கியது. "நான் ஒன்றுமில்லாமல் போகிறேன்," என்று முனகியது.

"பயப்படாதே, கீழே நான் இருக்கிறேன்," என்றது நம்பர்.

அன்று சாயங்காலம் நம்பருக்குள் மணி அடித்தது.

"ஒரு காது மடங்கின பூனைதானேங்க? எங்க மாடிப்படியில படுத்துத் தூங்குது."

படம் மெல்லக் கேட்டது:

"என் காதையா பார்த்தார்கள்?"