கவர் கழற்றாத சீட்டு

அந்தக் காரின் பின்சீட்டு, வாங்கி ஆறு வருஷமாகியும் ஷோரூம் பிளாஸ்டிக் கவரோடுதான் இருந்தது. அன்றைக்குப் பேரனுக்கு வாங்கிய மரத்தொட்டிலை ஏற்றுவதற்காகத் தணிகாசலம் சீட்டை மடக்கிப் பார்த்தார். அது அசையவே இல்லை.

"மானத்தை வாங்காதே, மடங்கு!" என்றது அவர் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவர்.

"நான் மாட்டேன் என்றா சொன்னேன்? இந்தக் கவர்தான் என் கொக்கிக்குள் சுருண்டு மாட்டிக்கொண்டிருக்கிறது," என்றது சீட்டு.

கவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "உன்மேல் ஒரு சொட்டு காபி விழ விட்டிருப்பேனா? நன்றி கெட்ட சீட்டே!"

"விழவில்லைதான். ஆனால் இத்தனை வருஷத்தில் நான் ஒரு மனுஷரையும் தொட்டதில்லையே!"

ஸ்க்ரூடிரைவர் கொக்கியை நெம்பியது. கவர் ஓரம் கிழிந்து வெளியே வந்தது. "அப்பாடா!" என்று சீட்டு பொத்தென்று மடங்கியது. தொட்டில் ஜம்மென்று உள்ளே ஏறிக்கொண்டது.

தணிகாசலம் கவரைத் தூக்கிப் போடவில்லை. "புதுத் தொட்டில், அழுக்காகிவிடும்," என்று அதை நன்றாக உதறித் தொட்டிலின்மேல் இறுக்கிச் சுற்றினார்.

கவர் தொட்டிலிடம் பெருமையாகச் சொன்னது: "கவலையே படாதே தம்பி. குழந்தைகூட உன்மேல் படாமல் நான் பார்த்துக்கொள்கிறேன்."